லாஸ்பேட்டை வீட்டின் கீழ் அறையும் மாண்ட்ரியல் பாலித்தீனும்

எங்கள் ஊரில் 'பேஸ்மெண்ட்' என்று சொன்னால் மேஸ்திரிக்கு அர்த்தமே வேறு. கடைக்கால் எடுத்து, தரைமட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அடி கட்டி, மண் நிரப்பித் தட்டினால் "பேஸ்மெண்ட் முடிஞ்சுது சார்" என்பார். அதனால் பூமிக்குள் இறங்கிய அறையைக் கடைசிவரை கீழ் அறை என்றே எழுதப் போகிறேன். புதுச்சேரியில் அப்படி ஒன்று இருக்கும் வீடுகளே கொஞ்சம்தான். கடலை ஒட்டிய தெருக்களில் கார்த்திகை மாதம் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும், அங்கே யாரும் துணிவதில்லை. லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் மேட்டு நிலம், செம்மண், சரிவு. அங்கேதான் ஒன்றிரண்டு உண்டு. அதில் ஒரு வீட்டின் கதை இது.

வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. வீடு தொண்ணூறுகளில் கட்டியது. தெருப்பக்கம் உயரம், பின்பக்கம் பள்ளம். அந்த வித்தியாசத்தை வீணாக்காமல் கீழே 22க்கு 14 அடியில் ஒரு அறை எடுத்திருக்கிறார்கள். முன்சுவர் ஏறத்தாழ ஆறடி மண்ணுக்குள் இருக்கிறது. பக்கச் சுவர்கள் சரிவோடு மெல்ல வெளியே வருகின்றன. பின்சுவர் முழுக்க வெளிச்சத்தில், அதில்தான் கதவு. எல்லாமே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், உள்ளே சிமென்ட் பூச்சு. இருபது வருஷத்துக்கு மேல் அது உடைந்த சைக்கிளும் நெல் குதிரும் கிடந்த இடம். ஓதம் இருந்தது, ஆனால் யாருக்கும் கவலை இல்லை, சைக்கிளா புகார் சொல்லப் போகிறது?

பெரியவரின் மகள் மாண்ட்ரியலில் இருக்கிறார். 2022 குளிர்காலத்தில் பெரியவர் அங்கே போய் மூன்று மாதம் தங்கினார். வெளியே மைனஸ் இருபது, மகள் வீட்டுக் கீழ் அறையிலோ கம்பளம், டிவி, பேரப்பிள்ளைகள், கதகதப்பு. அந்த அறையை எப்படிச் செய்தார்கள் என்று மருமகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். அந்தக் குறிப்பை நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார், நானே பார்த்தேன். சட்டம், அதற்குள் வெப்பக்காப்புப் பஞ்சு, அதற்கு மேல் அறைப்பக்கமாக 6 மில் (சுமார் 150 மைக்ரான் தடிமன்) பாலித்தீன், அதற்கு மேல் ஜிப்சம் போர்டு. மாண்ட்ரியலுக்கு அது சரியான குறிப்புதான். அதை அப்படியே லாஸ்பேட்டையில் செய்யச் சொன்னதில்தான் கதை ஆரம்பம்.

முதலில் வேலை எடுத்தவர் ஒரு இன்டீரியர் ஆள். சொன்னதைச் சுத்தமாகச் செய்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்), அதன் முகத்தில் 150 மைக்ரான் பாலித்தீன், மேலே 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு, பட்டி, பெயின்ட். தரையில் பழைய சிமென்ட் தளத்தின் மேலேயே மெல்லிய ஃபோம் விரித்து மர லேமினேட். ஒன்றரை டன் ஏசி. 2023 ஜூனில் முடிந்தது. ஆகஸ்டில் ஒரு வாசனை வந்தது, ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி மறந்துபோன மாதிரி. தீபாவளிக்குள் போர்டின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். டிசம்பரில் லேமினேட் இணைப்புகள் எழும்பி, நடந்தால் காலுக்கடியில் டக் டக்கென்று சத்தம். பெரியவர் புத்தகங்களை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கல் முடிந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் இந்த ஊரில் கட்டட ரிப்பேர் வேலை மட்டும் எடுப்பவன், புது வீடு கட்டுவதில்லை. உள்ளே போனதும் பெரியவர் முதலில் சொன்னது, "தம்பி, ஷீட் மலிவா வாங்கிப் போட்டுட்டானா பாருங்க." கழற்றிப் பார்த்தேன். ஷீட்டில் ஒரு ஓட்டை இல்லை. ஷீட்டின் பின்புறம், அதாவது சுவர்ப்பக்கம், பனிக்காலத்துப் பசும்புல் மாதிரி முத்து முத்தாக நீர். அது வழிந்து கீழ் சேனலில் தேங்கி, சேனல் துருவேறி, அங்கிருந்து போர்டு உறிஞ்சி மேலே ஏறியிருக்கிறது. முன்சுவரில் பஞ்சு மாதிரி உப்பு பூத்திருந்தது. ஷீட் நன்றாக இருந்ததுதான் பிரச்சினையே.

எங்கிருந்து வருகிறது தண்ணீர்

ஓதம் என்றால் உடனே டப்பாவைத் திறந்து எதையாவது பூசுவது எங்கள் தொழிலில் பெரிய வியாதி. மண்ணில் இருந்து ஒழுகி வருவது ஒன்று, செங்கலும் சிமென்ட்டும் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுப்பது இன்னொன்று, காற்றில் ஆவியாக வந்து குளிர்ந்த இடத்தில் படிவது வேறொன்று. இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. ஆவித் தடுப்பு ஷீட், அதாவது இந்தப் பாலித்தீன், கடைசி இரண்டுக்கு மட்டும் ஓரளவு ஆகும். ஒழுகும் தண்ணீருக்கு அதை நம்பினால், தண்ணீரைக் கண்ணில் படாமல் மறைத்து வைக்கலாம், அவ்வளவுதான்.

அதனால் பத்து நாள் எதையும் தொடாமல் பார்த்தோம். லேமினேட்டை எடுத்துவிட்டுத் தரையில் 45 சென்டிமீட்டர் சதுரப் பாலித்தீன் துண்டுகளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டினேன். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் டி4263 என்று சோதனை முறையாகவே இருக்கிறது, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஒரு ராத்திரி கழித்து எடுத்தால் எல்லாத் துண்டுகளுக்கு அடியிலும் நீர்த்துளி, தரை கறுத்திருந்தது. ஆக, தரைக்கு அடியில் இருந்து வருகிறது. தளத்தில் ஒரு மூலையை உடைத்துப் பார்த்ததில் ஷீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, மணலுக்கு மேல் நேராகக் கான்கிரீட். முன்சுவரிலும் மேற்குச் சுவரிலும் ஒட்டிய துண்டுகளுக்குள்ளும் ஈரம். கிழக்கில் லேசாக.

அப்புறம் ஒரு காரியம் செய்தோம். கிழக்குச் சுவரில் ஆறடி நீளத்துக்குப் பழைய போர்டையும் ஷீட்டையும் அப்படியே விட்டு, ஏசியைப் பெரியவர் வழக்கமாக வைக்கும் 22 டிகிரியில் இரண்டு நாள் ஓட்டினேன். ஷீட்டின் பின்னால் முத்து கட்டியது. ஏசியை நிறுத்தி மூன்று நாள் விட்டேன். முத்து போய்விட்டது. ஒழுகும் சுவராக இருந்தால் ஏசியை நிறுத்தியதும் ஈரம் நின்றுவிடாது. இது ஆவி, சந்தேகமே இல்லை. சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளியே வியர்க்குமே, அதே கதை. இங்கே சொம்பு, ஏசி அறை. சொம்பின் வெளிப்புறம், பாலித்தீனின் பின்புறம்.

முன்சுவரில் ஆவியோடு நிஜத் தண்ணீரும் இருந்தது. மொட்டை மாடி மழைநீர்க் குழாய் முன்சுவருக்கு ஓரடி தள்ளி நேராகப் பூந்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் வீட்டு அம்மா அங்கே செம்பருத்தி வைத்திருந்தார்கள், செழிப்பான செடி. செழிக்காமல் என்ன செய்யும்.

மாண்ட்ரியலில் சரி, இங்கே தப்பு

ஆவி எப்போதும் அதிகம் இருக்கும் பக்கத்தில் இருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குப் போகும், பெரும்பாலும் வெப்பத்தில் இருந்து குளிருக்கு. மாண்ட்ரியல் குளிர்காலத்தில் வெப்பமும் ஈரமும் வீட்டுக்குள், வறண்ட குளிர் வெளியே. சமையல், குளியல், மூச்சுக்காற்று எல்லாம் சுவர் வழியே வெளியேறப் பார்க்கும், வழியில் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும். அதைத் தடுக்க ஷீட்டை அறைப்பக்கம், அதாவது அவர்களுக்கு வெப்பமான பக்கம், போடுகிறார்கள். புதுச்சேரியில் எல்லாம் தலைகீழ். வருஷம் முழுக்க வெளியேதான் வெப்பமும் ஈரமும். ஏசி போட்ட அறைதான் குளிர்ச்சி. நாம் ஷீட்டை அறைப்பக்கம் போட்டால் அது குளிர்ந்த பக்கத்தில் போய் நிற்கிறது. வெளியில் இருந்து வரும் ஆவி சரியாக அதன்மேல் முட்டி நின்று நீராகிறது.

கணக்கும் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை கிட்டத்தட்ட 26 டிகிரி. அதாவது அந்தக் காற்று 26க்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வியர்க்கும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட காற்று சாதாரணம். 22 டிகிரி அறைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருப்பது அரை அங்குல ஜிப்சம் போர்டு ஒன்றுதான், ஷீட் 23க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். வியர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 150 மைக்ரான் பாலித்தீனின் ஆவி கடத்தும் அளவு சுமார் 0.06 பெர்ம் (ஒரு பொருள் எவ்வளவு ஆவியை விடுகிறது என்பதற்கான அலகு). பூச்சு இல்லாத ஜிப்சம் போர்டுக்கு அது 40க்கு மேல். ஷீட் ஆவியை அந்தப் பக்கமும் விடாது, பட்ட ஈரத்தை அறைக்குள் உலரவும் விடாது.

இன்னொன்றையும் யாரும் யோசிக்கவில்லை. மண்ணுக்குள் கொஞ்சம் ஆழம் போனால், அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டித்தான் மண்ணும் இருக்கும். மாண்ட்ரியலில் அது ஒற்றை இலக்கம். எங்களுக்கு 28 டிகிரியை ஒட்டி. 26 டிகிரியில் வைக்கப்போகும் அறைக்கும் 28 டிகிரி மண்ணுக்கும் நடுவில் எதற்கு வெப்பக்காப்பு? தெர்மோகோல் ஒட்டலாமா என்று பெரியவர் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். கூடவே கரையான் விஷயமும். தெர்மோகோலைத் தின்னாது, ஆனால் குடைந்து சாலை போட்டு மேலே ஏறும், ஏறுவது கண்ணிலும் படாது.

மகளிடம் வீடியோ காலில் பேசினேன். "அண்ணா, இங்க எல்லாரும் இப்படித்தானே போடுறாங்க" என்றார். போடுகிறார்கள்தான். ஆனால் அங்கேயும் கோடைக்காலத்தில் கீழ் அறைப் பாலித்தீன் பின்பக்கம் நனைகிறது என்று ஜோசப் லிஸ்டிபுரெக் போன்ற கட்டட அறிவியல் பொறியாளர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள், கீழ் அறைச் சுவரின் உட்பக்கம் ஆவித் தடுப்பே வேண்டாம் என்பது லிஸ்டிபுரெக்கின் கட்சி. இதைச் சொன்னதும் மகள் சிரித்துவிட்டு, "அப்ப எங்க சுவரையும் திறந்து பாக்கணுமா?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

முதலில் தண்ணீர், பிறகுதான் ஷீட்

பிப்ரவரியில் வேலை தொடங்கினோம், மண் காய்ந்திருக்கும் மாதம். மழைநீர்க் குழாயைப் பின்பக்கப் பள்ளத்துக்குத் திருப்பினோம். செம்பருத்தியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தோம், அம்மா இரண்டு நாள் பேசவில்லை. முன்சுவரையும் கிழக்குச் சுவரையும் வெளியில் இருந்து தோண்டினோம். ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டக்கூடாது, ஐந்தடி தோண்டி, பூசி, மூடி, பிறகு ஐந்தடி விட்டு அடுத்தது. அஸ்திவாரத்துக்குக் கீழே ஒரு விரல் அளவுகூடப் போகக்கூடாது. ஆறடிப் பள்ளத்தில் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்க விடமாட்டேன் என்றதில் மேஸ்திரிக்கு என்மேல் கோபம். செம்மண் செங்குத்தாக நிற்கும் சார் என்றார். நிற்கும், விழுகிற நிமிஷம் வரைக்கும்.

சுவரை வெளியே புதிதாகப் பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கை, அதன் மேல் காப்புக்கு மொட்டு மொட்டாக இருக்கும் வடிகால் ஷீட், அடியில் ஜல்லிக்குள் துளையிட்ட பிவிசி குழாய். சரிவு இருந்ததால் குழாய்த் தண்ணீர் தானாகப் பின்பக்கம் வெளியேறுகிறது, மோட்டார் வேண்டியதில்லை. இந்த வீட்டின் அதிர்ஷ்டமே அந்தச் சரிவுதான். கடலூர் ஓல்டு டவுன் பக்கம் ஒருவர் இதே வேலைக்குக் கூப்பிட்டார், அறையை மண் போட்டு மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேற்குச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு மதில், தோண்ட வழியில்லை. அங்கே மட்டும் உள்ளே இருந்து அதே பூச்சு. உள்ளே பூசுவது இரண்டாம்தரம் என்று பெரியவரிடம் எழுதியே கொடுத்தேன்.

ஷீட் தரையில் போகிற இடத்துக்கு வருவோம். பழைய தளத்தை முழுக்க உடைத்தோம், இல்லாவிட்டால் தலைஉயரம் போய்விடும். மண்ணுக்குக் கரையான் மருந்து முதலில், ஷீட் விரித்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. மணலைத் தட்டிச் சமப்படுத்தி, கூர்க்கல் ஒன்றும் இல்லாமல் கையால் தடவிப் பார்த்தோம். ஷீட் 250 மைக்ரான், கடையில் ஆயிரம் கேஜ் என்று கேட்டால் தருவார்கள். கேட்கும்போது புதுப் பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். மணல் குவியலை மூட விற்கும் கறுப்பு ரோல் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஐஎஸ் 2508 என்று பாலித்தீன் ஷீட்டுக்குத் தரநிலை இருக்கிறது, அந்த எண்ணைச் சொன்னால் சில கடைக்காரர்கள் முழிப்பார்கள், நல்ல கடைக்காரர் உள்ளே போய் வேறு ரோல் எடுத்து வருவார். தளத்துக்கு அடியில் போடும் ஆவித் தடுப்புக்கு அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் இ1745 என்ற தரநிலை 0.1 பெர்முக்கு மேல் போகக்கூடாது என்கிறது, அதோடு கிழிபடாத வலுவும் கேட்கிறது. எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. 150 மைக்ரானும் ஆவியைத் தடுக்கும், ஆனால் எங்கள் சித்தாள் கான்கிரீட் சட்டியோடு நடக்கும் நடைக்குத் தாங்காது.

ஒட்டு ஒன்றின்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். பழுப்பு பேக்கிங் டேப் கூடாது, ஈரத்தில் ஒரு மாதத்தில் உரிந்துவிடும், பியூட்டைல் டேப் வாங்கினோம். நான்கு சுவரிலும் ஷீட்டைத் தளத்தின் உயரத்துக்கு மேலே மடித்து ஏற்றிச் சுவரோடு ஒட்டினோம். கழிவுக் குழாய் மேலே வரும் இடத்தில் ஷீட்டை நட்சத்திரமாகக் கீறி, தனியாக ஒரு கழுத்துப்பட்டை வெட்டிச் சுற்றி ஒட்ட வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும் வேலை, அதைத்தான் எல்லோரும் அரை நிமிஷத்தில் முடிப்பார்கள்.

டீ குடிக்கப் போய் வந்தால் மேஸ்திரி கம்பியால் ஷீட்டில் குத்திக்கொண்டிருக்கிறார்! வரிசையாக, அடிக்கு ஒன்று. கேட்டால், "கான்கிரீட் தண்ணி கீழ எறங்கணும்ல சார், இல்லேன்னா மேல பால் கக்கும்." அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஷீட் இருந்தால் தண்ணீர் மேலேதான் வரும். அதற்கு மருந்து கலவையில் தண்ணீரைக் குறைப்பதும், மட்டம் தட்டும் முன் கொஞ்சம் பொறுப்பதும்தான். முப்பது ஓட்டைக்கும் உட்கார்ந்து டேப் ஒட்டினோம், அவரும் நானும், இருவருமே பேசாமல். வெல்டு மெஷ் கம்பி முனை குத்தாமல் கவர் பிளாக் வைத்து, ஷீட்டின் மேல் நேராக 75 மில்லிமீட்டர் கான்கிரீட். நடுவில் மணல் போடச் சொல்பவர்கள் உண்டு, நான் போடுவதில்லை. அந்த மணலுக்குள் தங்கும் நீர் கீழே போக வழியில்லாமல் மாதக்கணக்கில் மேலேதான் ஏறும்.

பெரியவருக்கு மறுபடி மரத்தரைதான் வேண்டும். காயட்டும் என்றேன். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கைக்கணக்கு, அடியில் ஷீட் இருப்பதால் மேல்பக்கம் மட்டும்தான் காயும். மார்ச் கடைசியில் போட்ட தளத்தில் ஜூன் கடைசியில் திரும்பச் சதுரத் துண்டு ஒட்டினேன், இன்னும் மங்கலாக ஆவி படிந்தது. "என் வயசுக்கு இது காயுறத நான் பாப்பனா தம்பி" என்று அலுத்துக்கொண்டு ஆத்தங்குடிக் கல்லுக்கு மாறிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சிமென்ட் கல் கொஞ்சம் ஈரத்துக்கெல்லாம் எழும்பாது.

சுவருக்கு ஷீட்டே கிடையாது. உப்பை ஈரமாகக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரினோம், கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும். முன்சுவரும் கிழக்கும் சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளையடிப்பு. சுவர் அறைப்பக்கமாக உலர வேண்டும், அதற்கு பிளாஸ்டிக் பெயின்ட் குறுக்கே நிற்கக்கூடாது. பழைய பிரெஞ்சு வீதி வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் செய்கிற வேலை இதுதான். புத்தக அலமாரிகளைச் சுவரில் இருந்து மூன்று அங்குலம் தள்ளி வைத்தோம். கதவுக்கு ரப்பர் பட்டை. சுவரில் 300 ரூபாய் ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, ஏசியை 26இல் வைக்கச் சொன்னேன், முள் 65க்கு மேல் போனால் ஏசியை டிரை மோடில் ஓட்டுங்கள் என்றேன். அம்மாவுக்கு ஒரு கஷ்டம், காலையில் ஜன்னலைத் திறந்து காற்றாட விடும் பழக்கத்தை விட முடியவில்லை. மேலே உள்ள அறைகளுக்கு அது நல்லது. கீழ் அறைக்கு, மழை மாதத்தில், வெளிக்காற்றைக் கூப்பிடுவது ஈரத்தைக் கூப்பிடுவது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, தாழ்வான நகர்கள் மூழ்கின. எனக்கு அந்த வீட்டு ஞாபகமாகவே இருந்தது, ஆனால் மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. பின்பக்கக் குழாயில் இருந்து விரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். ஈரப்பதமானி 84 காட்டியது, ஏசி இல்லாததால் அது எதிர்பார்த்ததுதான். தரை காய்ந்து இருந்தது. முன்சுவர் காய்ந்து இருந்தது. மேற்குச் சுவரில், தரையில் இருந்து இரண்டடி உயரத்தில், ஒயர் பைப் உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓதம்.

அடுத்த பங்குனியில் பூச்சைக் கொத்தி மறுபடி அடைத்தேன். 2025 மழையில் அதே இடத்தில் அதே அளவில் திரும்ப வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலை எடுத்தால் ஒழிய அதற்கு முழுத் தீர்வு இல்லை, மதில் போகப் போவதில்லை. பெரியவர் அதன்மேல் தினக்காலண்டர் மாட்டியிருந்தார். காற்றுப் படாது, பூசணம் பிடிக்கும், எடுங்கள் என்றேன். எடுத்துவிட்டு, "மாண்ட்ரியல்ல இந்த எடத்துல பேரனோட போட்டோ மாட்டியிருக்கு தம்பி" என்றார். போட்டோவைக் கிழக்குச் சுவரில் மாட்டச் சொல்லி ஆணியையும் நானே அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.